சுங்கை சிப்புட் ரொட்டிக் கடை: சாப்பாட்டுக்கு மூன்று நட்சத்திரம், பெஞ்சுக்கு ஐந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை இதில் போடப்போவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் "உங்க கடையப் பத்தி எழுதப்போறேன்" என்று சொன்னதற்கு, "எழுதும்மா, பேரு மட்டும் போட்டுறாத, ஞாயித்துக்கிழமை இப்பவே உக்கார எடமில்ல" என்றார். பெயர் இல்லாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனுக்குப் போய், காலையில் இருட்டோடு விளக்கு எரிகிற கடையைத் தேடினால் இதுவோ இதன் தங்கச்சியோ கிடைத்துவிடும். அதனால் பெயர் பெரிய விஷயமில்லை.

நான் முசிறிக்காரி. எங்கள் பக்கம் முசிறி, துறையூர், நாமக்கல் என்று அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போகாத ஊர் குறைவு. எங்கள் வீட்டிலேயே தாத்தாவின் அண்ணன் ஒருவர் போனார், திரும்பவில்லை. அவரைத் தேடிப் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள், முகவரியே கிடையாது, பெயரும் பாதிதான் தெரியும். எட்டு நாள் விடுப்பு இருந்தது, திருச்சியிலிருந்து நேராக கோலாலம்பூருக்கு விமானம் இருந்தது, கிளம்பிவிட்டேன். இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிற பயணம் எனக்கு அலுத்துப்போய் ரொம்ப நாளாகிறது. ஒரு ஊரில் நாலு பேரைத் தெரிந்துகொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அதற்கென்றே ஒரு செயலி இருக்கிறது, பெயர் வேண்டாம். உள்ளூர்க்காரர் வீட்டில் ஒரு வேளை சாப்பாடு, புது நண்பர்கள், மறக்க முடியாத மாலை என்று விளம்பரம். கோலாலம்பூரில் இறங்கிய அன்றே 140 ரிங்கிட் கட்டிப் போனேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது, அந்த அம்மாவும் சிரித்த முகம்தான். ஆனால் நாங்கள் ஆறு பேர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் அடுத்த ஆறு பேர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது தொழில். அதை நட்பு என்று விற்றவர்கள்மேல்தான் எனக்குக் கோபம், அதுவும் அந்த விலைக்கு.

அப்புறம் தங்குமிடம். சுங்கை சிப்புட்டில் ஹோம்ஸ்டே என்று போட்டிருந்ததைப் பார்த்து, ஒரு குடும்பத்தோடு தங்கப்போகிறேன், காலையில் அந்த வீட்டு அம்மா காப்பி கொடுப்பார் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போனேன். மலேசியாவில் ஹோம்ஸ்டே என்றால் பெரும்பாலும் ஆளில்லாத முழு வீட்டை வாடகைக்கு விடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பத்தோடு தங்குகிற ஹோம்ஸ்டே திட்டம் கம்போங் என்கிற கிராமங்களில் தனியாக நடக்கிறது, அரசாங்கப் பதிவோடு, 1995 முதல். நான் எடுத்தது அதுவல்ல. கேட் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் சாவி, உள்ளே மூன்று அறை, எட்டுத் தலையணை, நான் ஒருத்தி. பேச்சுத் துணைக்குப் பல்லிதான் இருந்தது. ராத்திரி முழுக்கச் சுற்றிலும் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைக் காட்டின் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன், விடிவதற்கு முன்னாலேயே எழுந்து நடந்துவிட்டேன். நம் ஊருக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிற கடிகாரம் அது. காலை ஏழு மணிக்கும் இருட்டு விலகவில்லை, கடைத்தெருவில் ஒரே ஒரு இடத்தில் விளக்கு எரிந்தது.

கடை என்றால் பழைய இரண்டு மாடிக் கடைவீட்டின் கீழ்த்தளம். முன்னால் அஞ்சடி என்று அவர்கள் சொல்கிற நடைபாதை, அதில் சுவரோரமாக ஒரு நீளமான மரபெஞ்சு, எதிரே இரண்டு மேசை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், மின்விசிறி, சாமி படம், சின்ன வானொலியில் மின்னல் பண்பலை. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அது முதல் தப்பு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு பையன் வந்தான். எங்கள் வீட்டில் பாட்டி காலத்தோடு போன சொல் அது. அங்கே அதற்குக் காலைச் சாப்பாடு என்றே அர்த்தம். அடுத்து "தண்ணி என்னாக்கா?" என்றான். "தண்ணிதான், சுடு தண்ணி இருந்தா குடுங்க" என்றேன். அவன் சிரித்தான். தண்ணி என்றால் அங்கே குடிக்கிற எதுவும்: தே, கோப்பி, மைலோ, எல்லாம். தே தாரிக் கேட்டேன். கெட்டிப்பால் போட்டு உயரத்திலிருந்து ஆற்றிய நுரையோடு வந்தது, இனிப்பு தாடையைக் கட்டிவிட்டது. சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் "கூராங் மானிஸ்" என்று சொல்ல வேண்டும், பால் வேண்டாமென்றால் "தே ஓ". இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாளும் ஏழு கிளாசும் ஆயிற்று. எழுந்து போகும்போது கல்லாவில் அக்கா "ஆறு வெள்ளி" என்றார். ஆறு வாரம் கழித்துப் பணம் கொடுத்தால் போதுமோ என்று ஒரு கணம் முழித்தேன். ரிங்கிட்டுக்கு அங்கே தமிழில் வெள்ளி, சென்னுக்குக் காசு.

ரொட்டி சானாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, இந்தக் கடையில் சாப்பாட்டு மதிப்பெண்ணைத் தூக்கி நிறுத்துவது அதுதான். நம் பரோட்டா மாதிரி கயிறாக இழுத்துச் சுருட்டி வைப்பதில்லை. ரொட்டி போடுகிற தம்பி எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை உள்ளங்கையால் தட்டி, ஒரு ஓரத்தைத் தூக்கி, மேசைமேல் விசிறுகிறான். முதல் வீச்சில் தோசை அளவு, மூன்றாவதில் தாம்பாளம், ஐந்தாவதில் அடியில் இருக்கிற எஃகு மேசை மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடுகிறது. நாலு பக்கமும் மடித்துச் சதுரமாக்கிக் கல்லில் போடுகிறான். வெந்ததும் எடுத்து இரண்டு கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டுகிறான், அடுக்கடுக்காகப் பிரிந்து விரிகிறது. தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன் கறியும் ஒரு கரண்டி சம்பால் என்கிற மிளகாய்த் துவையலும். விலை 1 வெள்ளி 80 காசு. இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கொடுக்கலாம். மதிய வாழையிலைச் சாப்பாடுதான் காலை வாரிவிடுகிறது. சாம்பாரில் இனிப்பு, பொரியல் மூன்றும் பதினொரு மணிக்கே ஆறிப்போனவை. ரசத்தைத் தனி டம்ளரில் கொடுக்கிறார்கள், அது நல்லது. கோழிப் பெரட்டல் பரவாயில்லை. கழிவறைத் தரை எப்போதும் ஈரம். ஒரு நாள் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. எல்லாம் கூட்டிக் கழித்தால் மூன்று நட்சத்திரம்.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன்.

முதல் நாள் உள்ளே உட்கார்ந்ததால் நான் வாடிக்கையாளர், சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் கடையைச் சேர்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். யாரும் அவசரமாகச் சாப்பிடவில்லை, பாதிப் பேர் சாப்பிடவே இல்லை. இரண்டாம் நாள் அதே நேரத்துக்குப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு செய்தித்தாள் கிடந்தது, அதன் பெயர் மலேசிய நண்பன். எட்டு நாளில் எனக்குக் கிடைத்த முதல் மலேசிய நண்பன் அதுதான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை எடுத்துப் படிக்க ஆரம்பித்ததும் பக்கத்திலிருந்த பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "மூணாம் பக்கம் நான் இன்னும் படிக்கல" என்றார். கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீங்க ஊரா?" என்றார்.

ஊர் என்றால் இந்தியா. எந்த ஊர் என்பது அடுத்த கேள்வி. முசிறி என்றேன். "எங்க தாத்தாவும் முசிறிப் பக்கந்தான்னு சொல்வாங்க, எந்த கிராமம்னு தெரியாது" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் என் பெயர் முசிறி. சொந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களும் மறந்துவிட்டார்கள்.

பெரியவர் ஒரு காலத்தில் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதியவர். எல்லோரும் கிராணி ஐயா என்றே கூப்பிடுகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் செம்பனைப் பழம் ஏற்றுகிற லாரி அண்ணன். எப்போதாவது பக்கத்து மளிகைக் கடைச் சீனத் தாத்தா வருவார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் என்னைப் பார்த்ததும் "ஊர்ல மழ பெஞ்சிச்சா தங்கச்சி?" என்றார், தோட்டத்துத் தமிழில். நான் வாய் பிளந்துவிட்டேன். ஐம்பது வருஷம் தோட்டத்து ஜனங்களுக்குக் கடனுக்கு அரிசி போட்டவருக்குத் தமிழ் தெரியாமல் எப்படி இருக்கும் என்று லாரி அண்ணன்தான் பிறகு விளக்கினார். "அவரு தமிழ்ல திட்டுனா நாங்களே கத்துக்கணும்."

இங்கேதான் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்த உற்சாகத்தில் கிராணி ஐயாவிடம், "நீங்க எல்லாம் இவ்ளோ நல்லாத் தமிழ் பேசுறீங்களே!" என்றுவிட்டேன். பாராட்டுத்தான். பெஞ்சு அமைதியாகிவிட்டது. கிராணி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க தமிழ்ப்பள்ளியில படிச்சவங்கம்மா. நீங்க எந்த மீடியம்?" என்றார். இங்கிலீஷ் மீடியம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. லாரி அண்ணன் சிரித்த சிரிப்பில் ரொட்டிக் கல்லிலிருந்த பையன் எட்டிப் பார்த்தான்.

அந்த நாட்டில் இன்றைக்கும் 500-க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. முதல் தமிழ் வகுப்பு பினாங்கில் 1816-இல் தொடங்கியது. தமிழ் நேசன் என்ற நாளிதழ் 1924-இல் தொடங்கி 2019 வரை வந்தது. நின்றுபோன அன்று காலையில் தே குடிக்கப் பிடிக்கவில்லை என்றார் கிராணி ஐயா. லாரி அண்ணனின் மகள் அதே டவுனில் இருக்கிற மகாத்மா காந்தி கலாசாலையில் படிக்கிறாள். 1954-இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த பள்ளி அது, கட்டுவதற்கு முன்னின்றவர் வீ.தி. சம்பந்தன். சம்பந்தன் இதே சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்தவர், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர், ம.இ.கா. என்கிற மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராக இருந்து மலாயா சுதந்திரத்துக்குக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். இதெல்லாம் எனக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை. இத்தனையும் தெரிந்தவர்களிடம் போய் உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அத்தனை பேரும் இந்த ஒரு வாக்கியத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

அடுத்த தப்பும் அதே நாளில். கிளம்பும்போது கல்லாவுக்குப் போனால் அக்கா "கிராணி கட்டிட்டாரு" என்றார். எனக்குப் பதறிவிட்டது. திரும்பி வந்து ஐந்து வெள்ளித் தாளை எடுத்து அவர் தே கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், தொடவில்லை. லாரி அண்ணன்தான் தாளை எடுத்து என் கையிலேயே திணித்து, "என்னாம்மா, கணக்கு முடிச்சிட்டுக் கெளம்புறீங்களா? அவரு பெலாஞ்சா பண்ணாரு. நாளைக்கு நீங்க பண்ணுங்க" என்றார். பெலாஞ்சா என்றால் நம் செலவில் வாங்கிக் கொடுப்பது. மலாய்ச் சொல், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனமும் புழங்குகிறது. அடுத்தவருக்குத் தெரியாமல் கல்லாவில் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வதுதான் அதன் முறை, மேசையில் வைத்துச் சண்டை போடுகிற நம் பழக்கம் அங்கே செல்லாது.

யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு நான் கட்ட வேண்டும் என்றால் நாளைக்கு நான் வர வேண்டும். நான் கட்டினால் மறுநாள் லாரி அண்ணன் கட்டுவார், அதற்கும் வர வேண்டும். முதலில் சுங்கை சிப்புட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் பினாங்கு போவதாகத்தான் திட்டம். ஒரு கிளாஸ் தேயால் பினாங்கு போயிற்று. அங்கே போட்டிருந்த அறைக்கான முன்பணமும் போயிற்று, அதை என் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நான் முந்திக்கொண்டு போய் மூவருக்கும் சேர்த்துக் கட்டினேன். கிராணி ஐயா எதுவும் சொல்லவில்லை, ஆனால் மூன்றாம் பக்கத்தை எனக்கு முதலில் கொடுத்தார். அன்றைக்குத்தான் பேச்சு தோட்டத்துக்குப் போனது. "காலைல அஞ்சரைக்கெல்லாம் பெரட்டுக்கு நிக்கணும்" என்றார் லாரி அண்ணன். கோழிப் பெரட்டலுக்கா அந்நேரத்தில் வரிசை என்று நான் கேட்டது இன்னும் அந்தப் பெஞ்சில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பெரட்டு என்றால் ஆளைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற அணிவகுப்பு. அதற்குப் பிறகுதான் அவரவர் நிரைக்கு, அதாவது மர வரிசைக்குப் போவார்கள். "பேசிட்டே இருந்தா புரியாது, எங்கம்மாகிட்ட வாங்க" என்று மத்தியானம் என்னைக் காடியில் ஏற்றிக்கொண்டு போனார். காடி என்றால் கார். கிராணி ஐயாவும் கூட வந்தார். தனியாக ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனதாக டவுன் பேசக் கூடாது என்று கல்லா அக்காதான் அவரையும் ஏற்றிவிட்டார் என்பது எனக்கு ராத்திரிதான் புரிந்தது.

டவுனை விட்டுக் கொஞ்ச தூரத்தில் தாமான் என்கிற குடியிருப்பு, கடைசி வரிசை வீடு. வீட்டுக்குப் பின்னால் சாக்கடையோரம் இரண்டே இரண்டு ரப்பர் மரம் நிற்கிறது. சுற்றி இருந்த தோட்டம் செம்பனையாகி வருஷக்கணக்காகிவிட்டது, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. இந்த இரண்டை மட்டும் வெட்ட விடவில்லை அந்த அம்மா. எழுபதைத் தாண்டியவர். வந்ததும் கிராணி ஐயாவைப் பார்த்து, "இவருக்கு எடை போடத்தான் தெரியும், அதுலயும் ஒரு கிலோ கொறச்சித்தான் எழுதுவாரு" என்றார். ஐயா வேறு பக்கம் பார்த்தார்.

உளியை எடுத்து வந்தார். நுனி வளைந்த சின்னக் கத்தி, பிடி தேய்ந்து அவர் கைக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி இருந்தது. பட்டையில் பழைய வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்ந்து ஓடியது. முதலில் அந்த வெட்டில் காய்ந்து கிடந்த பாலை ஒரு நுனியில் பிடித்து இழுத்தார், ரப்பர் பேண்டு மாதிரி முழுசாக உரிந்து வந்தது. ஒட்டுப்பால். "இதுக்கும் காசு உண்டு" என்று மடியில் போட்டுக்கொண்டார், பழக்கம். பிறகு உளியை வைத்து இழுத்தார். பென்சில் சீவின மாதிரி பட்டைச் சுருள் ஒன்று கீழே விழுந்தது. ஒரு மூச்சு விட்டிருப்பேன், வெட்டுக் கோடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் எழும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாகி, தகட்டின் வழியாக மங்கில் சொட்ட ஆரம்பித்தது. மங்கு என்றால் பால் பிடிக்கிற கிண்ணம். "மத்தியானத்துல இவ்ளோதான் வரும். விடியறதுக்கு முன்ன, குளிர்ல வெட்டுனாத்தான் பால் ஓடும். வெயில் ஏறுனா நின்னுரும்" என்றார்.

என்னிடம் உளியைக் கொடுத்தார். நான் அழுத்தினேன். பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டது, கையில் தெரிந்தது. "ஐயோ, புண்ணாக்கிட்ட" என்று உளியை வாங்கிக்கொண்டார். கட்டையில் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காக வளராமல் முடிச்சு முடிச்சாகிவிடும், மறுபடி அந்த இடத்தில் வெட்ட முடியாது. அந்தக் காலத்தில் ஒரு புண்ணுக்கு மண்டோர் என்கிற மேற்பார்வையாளன் எவ்வளவு திட்டுவான் என்று சொல்லிக்கொண்டே அந்தக் காயத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் எனக்கு ஒரு கிளாஸ் மைலோ கொடுத்தார். இந்த மாலைக்கு 140 வெள்ளி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், ஆனால் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

திரும்பும் வழியில் கிராணி ஐயா ஒரு சாலை பிரிவைக் காட்டி, "அந்தப் பக்கம் எல்ஃபில் தோட்டம்" என்றார். 1948 ஜூன் 16 அன்று காலையில் அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டார்கள், சிறிது நேரத்தில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இன்னும் இரண்டு பேரை. அதிலிருந்துதான் மலாயாவில் அவசரகாலம், 1960 வரை. அதே 1960-இல்தான் சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. வேலையை இழக்கிற பாட்டாளிகளே மாதாமாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டத்தை வாங்குவது என்பது யோசனை. "எங்கப்பா போட்டாரு, பங்குப் பத்திரம் இன்னும் பெட்டியில இருக்கு" என்றார். மறுநாள் லாரி அண்ணனுக்கு லீவு, கோலக்கங்சார் கூட்டிப்போய் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய ரப்பர் மரத்தைக் காட்டினார். 1877-இல் அந்த ஊரில் நட்ட ஒன்பது கன்றுகளில் மிச்சம் என்று சொல்லப்படுவது. பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த விதை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இது வந்ததால்தான் நீங்கள் எல்லாம் இங்கே வந்தீர்கள் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. கொஞ்சம் தேறிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது பெஞ்சுக்கு ஐந்து கொடுத்தாலும் எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம். ரொட்டி போடுகிற அந்தத் தம்பி ராமநாதபுரத்துப் பக்கம். பெர்மிட்டில் வந்து இரண்டு வருஷமாகிறது. எனக்கு நாலு நாளில் கிடைத்த பெஞ்சு அவனுக்கு இரண்டு வருஷத்தில் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு வேலை ஓய்ந்தால் பின்பக்கம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து போனைப் பார்க்கிறான். லாரி அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவனைப் பற்றி என்னிடம் பேசும்போது "உங்க ஊர்க்காரன்" என்றுதான் சொல்கிறார். இதில் ஒரு பக்கத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ஊரிலிருந்து வருகிற ஆட்கள் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்வதால் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை போகிறது என்று அவர்களுக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, பெஞ்சிலேயே ஒருநாள் அது வெளியே வந்தது. நான் விருந்தாளி, எட்டாம் நாள் போய்விடுவேன், என்னை உட்காரவைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மத்தியானம் நான் அரிசி மூட்டைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவன் சங்கடப்பட்டு எழுந்துவிட்டான். "அக்கா, நீங்க முன்னாடி உக்காருங்க, அவங்க தப்பா நெனப்பாங்க" என்றான். போவதற்கு முந்தின நாள் அவன் அம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு டப்பா மைலோ கொடுத்தான். முசிறிக்கும் ராமநாதபுரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இருவரும் அதைப் பேசவில்லை. பேருந்து பிடித்துப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

தனியாகப் போகிற பெண்கள் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். காலை நேரம் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கல்லா அக்காவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்துகொள்ளுங்கள், அவரே இரண்டாம் நாள் உங்கள் வீட்டுச் சாவி எங்கே, யார் வாடகைக்கு விட்டது, ராத்திரி கதவை எப்படிப் பூட்டுகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிடுவார். இருட்டிய பிறகு செம்பனைக் காட்டு வழியே நடக்காதே என்று திட்டுவார். தன் போன் நம்பரைக் கொடுத்தார். ராத்திரி ஒன்பதுக்கு "கதவ பூட்டிட்டியா" என்று குரல் செய்தியும் வரும். எரிச்சலாகவும் இருந்தது, அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கவும் முடிந்தது.

டிப்ஸ் வைக்காதீர்கள். நான் வைத்தேன், தம்பி தெருவரைக்கும் ஓடிவந்து திருப்பிக் கொடுத்தான். படம் எடுப்பதானால் மூன்றாம் நாளுக்குப் பிறகு எடுங்கள். கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஈப்போ தாண்டி வருகிறது சுங்கை சிப்புட், ஏறக்குறைய மூன்று மணி நேரம், எல்லா வண்டியும் நிற்பதில்லை, பார்த்து எடுங்கள். நான் போனபோது இந்தியக் கடவுச்சீட்டுக்கு முப்பது நாள்வரை விசா கேட்கவில்லை. வருகை அட்டையை மட்டும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பச் சொன்னார்கள்.

கடைசி நாள் காலை ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு தே, ஒரு ரொட்டி. கல்லாவில் பணத்தை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "கிராணி கட்டிட்டாரா?" என்றேன். "இல்ல, கட்ட விடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு" என்று சொல்லி ஒரு நீளமான நோட்டை எடுத்தார். தோட்டத்துச் சம்பள நாள் வரைக்கும் கடன் எழுதிய காலத்துப் பழக்கம், இன்னும் விடவில்லை. பக்கத்தில் யார் யாரோ பெயர்கள், மோட்டார் நம்பர்கள், லாரி அண்ணனுக்கு ஒரு முழுப் பக்கம். கடைசியில் "முசிறி" என்று எழுதி அதற்கு நேரே 6.60 என்று போட்டு மூடிவைத்துவிட்டார். வெளியே பெஞ்சில் கிராணி ஐயா மூன்றாம் பக்கம் படித்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடை திங்கட்கிழமை இல்லை, மற்ற நாளில் இருட்டோடு திறந்து மத்தியானம் நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். இதைப் படித்துவிட்டு யாராவது தேடிக் கண்டுபிடித்துப் போனால், தயவுசெய்து அந்த 6 வெள்ளி 60 காசை மட்டும் கட்டிவிடாதீர்கள்.